எடுத்தல்

நத்தம் கணவாயில் இறங்கி
சண்டை நடந்த இடம் எதுவென்று கேட்டேன்.
"எந்தச் சண்டை?"
போண்டாச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமல் சின்னழகு.
கும்பினிப் பட்டாளம் வண்டி மாடுகளோடு சிக்கியதே,
அது.
சாரணியை நீட்டிப் பொதுவாகக் காட்டினார்:
பஞ்சர் கடை,
நால்வழிச்சாலைக்கு வெட்டிய புளியமரத்தின் தூர்,
அதன்மேல் ஏழு காக்கைகள்.

கறுப்பைப் படமெடுப்பது லேசில்லை.
ஊர்க்காக்கைக்குக் கழுத்து ஏற்கெனவே சாம்பல்,
மிச்சத்தையும் சாம்பலாக்கித் தருகிறது கேமரா.
வெளிச்சத்தைக் குறைத்தேன்;
இறகு கறுத்தது, கண் தொலைந்தது.
கூட்டினேன்;
கண் வந்தது, பின்னால் மலை
வெளுத்துக் காணாமல் போனது.

ஒன்று மட்டும் தூருக்கடியில்
சிவப்பாய் எதையோ
கொத்தி இழுத்துக்கொண்டிருந்தது.
இருநூற்றெழுபது வருஷம்
ஒரே எட்டில் போய் வந்தேன்.
பெரிதாக்கிப் பார்த்தால்
தக்காளிச் சட்னிப் பொட்டலம்.

"கம்மாய்ப் பக்கம் மயில் நிக்கும் சார்,
இதையா எடுக்குறீங்க?"
பதில் யோசித்த நேரத்தில்
பெஞ்சில் வைத்திருந்த லென்ஸ் மூடியைக்
கவ்விக்கொண்டு போனது
நான் இன்னும் எடுக்காத எட்டாவது காக்கை.
சாலைக்கு மேலே, லாரிக்கு மேலே,
மலைச்சரிவின் முள்ளுக்காட்டுக்குள்.
செத்தவர்களுக்குப் போலவே
மூடிக்கும் இங்கே அடையாளக் கல் கிடையாது.

சாமான் சட்டோடு இந்தக் கணவாய்க்கு வந்தவர்கள்
பாதியோடு திரும்பியதாகப் படித்திருக்கிறேன்.
கேமராவைத் திறந்த கண்ணோடு
மடியில் வைத்துக்கொண்டு
டீ கேட்டேன்.

"எடுத்தாச்சா சார்?" என்றார் சின்னழகு.
"எடுத்துருச்சு" என்றேன்.