நீலக் குழாய்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
வெள்ளவத்தை, மொட்டைமாடி, மாலை ஆறரை.
கடற்காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தது.

குளித்த தண்ணீரை வடிகட்டி
மலசலகூடத் தொட்டிக்கு மட்டும் விடலாம்,
தனிக் குழாய், நீல நிறம்,
என்றான் இன்ஜினியர் ரிஃப்கான்.

"கிருமி?" என்றது மூன்றாம் மாடி.
அறிக்கையைக் காட்டினான்.
"மணம்?"
ராஜகிரியவில் வேறொரு கட்டடத்தில் பிடித்த தண்ணீர்,
போத்தலைத் திறந்து நீட்டினான்.
ஒருவரும் மூக்கைக் கொடுக்கவில்லை.

பிறகுதான் ஐந்தாம் மாடிக் குகதாசன்
தொண்டையைச் செருமினார்:
"எந்த வீட்டுத் தண்ணி தம்பி
எந்த வீட்டுக்கு வரும்?"

அதுவரை கிருமியைப் பேசியவர்கள்
செருப்பைப் பார்த்தார்கள்.
வாச்சர் ஜயதிஸ்ஸ கராஜ் பைப்பில் குளிக்கிறவர்.
இரண்டாம் மாடியில், ஹட்டனிலிருந்து வந்து
சலூனில் வேலைசெய்யும் மூன்று பேர்.
அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

"குழாய்க்குக் கதவிலக்கம் தெரியாது ஐயா."

ஆதரவு ஏழு. எதிர்ப்பு பதினொன்று.
அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை.
'சுகாதாரக் காரணங்களுக்காக நிராகரிக்கப்பட்டது'
என்று எழுதினேன்.
பேனை வலக்கையில் இருந்ததால்
இடக்கையைத்தான் உயர்த்தியிருந்தேன்,
பதினொன்றில் ஒன்றாக.

எல்லோரும் லிஃப்டுக்குப் போனபின்
போத்தல் கைப்பிடிச் சுவரில் நின்றது.
கீழே ரயில் போனது; தண்ணீர் கொஞ்சம் நடுங்கியது.
யாரும் இல்லையென்று பார்த்துவிட்டு
மூடியைத் திருகினேன்.

சவர்க்கார வாசம், லேசாக.
யாருடையதென்று
சொல்ல முடியவில்லை.