எந்தப் பக்கம் இழுப்பீர்கள்

லோரியாங் துறைமுகத்தில்
பந்தயப் படகைக் கவிழ்த்துப் போட்டு
நாணயத்தால் தட்டிக்கொண்டே போகிறாள் அஸெனோர்.
டக். டக்.
இரண்டு விரற்கடை தள்ளி, டக்.
பிறகு ஓரிடத்தில்
தொப்.

மேலே கீறல்கூட இல்லை.
கறுப்பு மினுமினுப்பில் அவள் முகம் தெரிகிறது.
உள்ளே, பதினாறு அடுக்கில்
ஏழாவதும் எட்டாவதும்
பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டன.

பிஸ்கே விரிகுடாவில் மூன்று முறை
அலை முதுகில் விழுந்ததாம்.
ஓட்டியவன் சொன்னது அவ்வளவே.

கார்பன் இழையை நீளவாக்கில் இழுங்கள், மலைபோல் நிற்கும்.
அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்?
பசை.
பசை மட்டும்.

தைத்துவிடலாம் என்றாள்.
துடுவால் பதில் சொல்லவில்லை.
ஒரு பாகை சாய்ந்தாலும்
உரித்துவிட்டு மறுபடி விரிக்கிற ஆள் அவன்.

ஊசி இடம் கொடுக்க நூல் நுழைந்தது.
துணியை யாரும் கேட்கவில்லை.
மஞ்சள் அராமிட் நூல் இறங்கிய இடமெல்லாம்
சில இழைகள் ஒதுங்கி வளைந்தன,
சில அறுந்தன.
ஒதுங்கிய இடைவெளியில் பசை தேங்கி இறுகியதை
நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரு கண்;
அதுவும் பார்க்கிறது.

முதல் துண்டை நீளவாக்கில் இழுத்தார்கள்.
தைக்காதது தாங்கிய இடத்துக்கு வெகு முன்பே
தைத்தது போய்விட்டது,
ஊசித்துளை வரிசையிலேயே,
தபால்தலை கிழிகிற மாதிரி.
துடுவால் தன் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டான்.
சொன்னேனே என்று சொல்லாதது
சொன்னதைவிட மோசம்.

அடுத்து, வாயைப் பிளக்கும் சோதனை.
தைக்காத துண்டு
நனைந்த உறைபோலச் சத்தமில்லாமல் திறந்துகொண்டது.
தைத்ததில் விரிசல் முதல் நூல்வரை வந்தது.
நின்றது.
எடை ஏறியது, ஏறியது,
படீர்.
உடைந்தது துண்டு அல்ல,
அதில் ஒட்டியிருந்த பிடிகீல்.
மறுபடி ஒட்டினார்கள். மறுபடி கீல்.
திரையில் கோடு ரம்பப் பல்லாக ஏறி
அந்தரத்தில் நின்றது.

படகுக்காரர் தொலைபேசியில் கேட்டார்:
உறுதி கூடியதா குறைந்ததா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
எந்தப் பக்கம் இழுப்பீர்கள் என்று சொல்லுங்கள், என்றாள்.
மறுமுனையில் காற்றின் சத்தம்.

மாலையில் வெள்ளைப் பென்சிலோடு
இருவரும் படகின் அடிவயிற்றில் குனிந்தார்கள்.
அலை அறைகிற இடத்துக்கு மட்டும் தையல்
என்று அவன் ஒரு கோடு போட்டான்.
அவள் அதை நான்கு விரல் வெளியே தள்ளினாள்.
அவன் இரண்டு விரல் உள்ளே கொண்டுவந்தான்.
புள்ளிக்குப் புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பதில்
விளக்கணைக்கும் நேரமாகிவிட்டது.

நாணயம்
காப்பி எந்திரத்துக்குள் போயிற்று.
நாளைக்கு வேறு நாணயம் தேட வேண்டும்.