திருகில் மட்டும் ஒட்டிய காந்தம்

முதலில் செருப்பு வழுக்கியது.
திருப்பாலைக்குடி தாண்டி இறங்கிப் பார்த்தேன்:
சுடிதாரின் வலது கால் கெண்டைவரை கறுப்பு.
பின் டயரின் ஓரத்தில்
ஈரமாய் ஒரு கோடு.
பின்னால் நாற்பது கிலோ நண்டு, உயிரோடு.
கோணிக்குள் அவை பிறாண்டும் சத்தம் தவிர
சாலையில் யாருமில்லை. மணி நாலரை.

பழைய புல்லட்.
ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் இரும்புக் குழாய்
போன மாசியில் விரிசல் விட்டது.
ரப்பர் போட்டுத் தந்தார் மெக்கானிக்,
இரு முனையிலும் கட்டுக்கம்பி முறுக்கி.
தற்காலிகம், என்றார்.
காரங்காட்டில் தற்காலிகம் என்றால்
ஆறு மாதம் ஓடும்.

தொண்டியில் மீரா உசேன் கடை. போட்டு எஞ்சின் சாமான்.
எட்டு மில்லிக்கு கிளாம்ப் கேட்டேன்.
'எட்டு உள்ளயா, வெளியயா?'
துட்டுப் பையிலிருந்து
வெட்டிய ரப்பர்த் துண்டை எடுத்து வைத்தேன்.
உள்ளே எட்டு. வெளியே பதினாலு.
கிளாம்ப் பிடிப்பது வெளியைத்தானே.
இத்தனை நாள் நண்டை ஓட்டோடு நிறுத்தவள்
இதை யோசிக்கவில்லை.

முதலில் நீட்டியது பல் வெட்டிய பட்டை, பதினைந்து ரூபாய்.
இதே சாதி என் வீட்டு கேஸ் குழாயில் இருக்கிறது.
சின்னக் குழாயில் இது வட்டமாய் வராது,
முட்டையாய் வரும்.
திருகுப் பெட்டிக்கு அடியில் நூலளவு சந்து.
சூடான எண்ணெய்க்கு நூலளவு போதும்.
இன்னும் இறுக்கினால்
பல்லிடுக்கில் ரப்பர் துருவலாய்ப் பிதுங்கும்.

'சில்வரும்மா. துருவே ஏறாது.'
கல்லாவில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் கிடந்தது.
எடுத்து வைத்தேன்.
பட்டையில் ஒட்டவில்லை.
திருகில் டக்கென்று ஒட்டியது.

எங்கள் காற்றுக்கு அந்தத் திருகு
ஒரு வாடைக்காலம் தாங்காது.
பட்டை கல்யாண வீட்டுத் தட்டுபோல் மினுங்கிக்கொண்டிருக்கும்,
கழற்றப் போனால்
ஸ்க்ரூடிரைவருக்கு அடியில் தலை பொடியாய் உதிரும்.

மீரா உசேன் சிரித்தார்.
காந்தத்தை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.
கிளாம்பை மறுபடி அதே ஆணியில் மாட்டினார்.

அடுத்தது கம்பி ஸ்பிரிங்.
பிளையரில் இரு காதையும் நெருக்கி விட்டால் தானே பிடிக்கும்;
ரப்பர் சூட்டில் ஊதினால் கூடவே விரியும்.
நல்ல குணம்.
ஆனால் கறுப்புப் பூச்சு நகத்துக்கே உரிந்தது.
ஒற்றைக் காது ஒன்றும் காட்டினார்,
ஒருமுறை நெரித்தால் வெட்டித்தான் எடுக்கணும்.
உப்பூர் ரோட்டில் நான் எதை வைத்து வெட்ட?

கடைசியாக ஒரு டப்பாவின் அடியிலிருந்து
பல்லில்லாத, ஓரம் மடித்த பட்டை,
குறுக்கே குட்டி போல்ட், நட்டு.
காந்தம் கேட்டேன். தயங்கித் தந்தார்.
எங்கும் ஒட்டவில்லை.
ஒன்று அறுபத்தைந்து.
பேரம் பேசினேன், அவர் அசையவில்லை.
நானும் அவரை நண்டு விலையில் அசைய விட்டதில்லை.

மாலையில் அருளப்பன் டார்ச் பிடித்தார்.
கட்டுக்கம்பியை அவிழ்த்தபோது
ரப்பரில் அதன் தடம், ஆழமாய், அறுபடும் தறுவாயில்.
அந்த அங்குலத்தை வெட்டி எறிந்தேன்.
முனையிலிருந்து விரல்கட்டை அளவு தள்ளிப் பட்டையை வைத்து
மெல்ல முறுக்கினேன்.
'இன்னும் ரெண்டு சுத்து சுத்து.'
கயிற்றுக்குப் பழகிய கை அவருடையது,
கிறீச்சிடும்வரை நிறுத்தாது.
ரப்பர் லேசாய்ப் பதிந்தது. குழாயைத் திருகிப் பார்த்தேன்,
நகரவில்லை.
போதும், என்றேன்.
டார்ச்சை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

நம்பிக்கையில்லை எனக்கும்.
எஞ்சினைக் கால் மணி நேரம் ஓட விட்டேன்.
பிறகு அடியில்
எடைச்சீட்டுப் புத்தகத்தின் வெள்ளைத் தாளை விரித்து
நான்கு சிப்பி வைத்தேன் பறக்காமல்.

மூன்று மணிக்கு எழுந்து பார்த்தால்
தாளின் ஓரத்தில் ஒரு சொட்டு.
வயிறு கலங்கியது.
விரலில் தொட்டு முகர்ந்தேன்.

நண்டுத் தண்ணீர்.
நேற்றுக் கோணியிலிருந்து.