இருப்பேட்டில் இல்லாத பாய்

ஐந்து எஸ் வாரத்தின் இரண்டாம் நாள்
களுவாஞ்சிகுடிக் கந்தோர் முழுக்கச் சிவப்பு அட்டை.
சுற்றாத மின்விசிறிக்கு ஒன்று,
கால் ஒடிந்த கதிரைக்கு ஒன்று,
அலுமாரிக்கு மேல் சுருண்டு கிடந்த
பன்பாய்க்கும் ஒன்று:
தேவையற்றது. அகற்றவும்.
லதுசிகாவின் எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும்.

மறுநாள் பாய் மேலேதான் கிடந்தது.
அட்டையைக் காணவில்லை.
பிரதம எழுதுவினைஞர் பூபாலபிள்ளை
அதைக் கோப்பில் குத்தி, பக்க எண்ணும் போட்டு
அடியில் ஒரு சொல் எழுதியிருந்தார்:
பார்த்தேன்.

வாட்ஸ்அப் குழுவில் லதுசிகா கேட்டாள்: ஏன்?
அதற்குக் கிதுர்சன் ஒரு கட்டைவிரல் போட்டான்.
பூபாலபிள்ளை என் மேசைக்கு வந்து போனை நீட்டினார்.
"என்ன மிஸ், விரல் காட்டுறானுகள்?"
"அது ஓம் என்ட அர்த்தம் ஐயா."
"ஓம் என்டா ஓம் என்டு எழுதலாம்தானே."

நான் நிருவாக உத்தியோகத்தர், நாற்பத்து நாலு வயது.
இரு பக்கமும்
என்னைத் தன் பக்கம் என்றே நினைக்கிறது.

நாலேகாலுக்கு லதுசிகா பையைத் தோளில் போடுவாள்.
"போய்ட்டு வாறன் மிஸ்."
அவ்வளவுதான்.
எனக்குள் ஏதோ சுறுக்கென்னும்.
அவளுக்குப் பொறுப்புப் போதாது என்று
வெகுநாள் நினைத்திருந்தேன்.
அப்பா ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்த கிழமையும்
மாதாந்த அறிக்கையை முடித்துவிட்டே பஸ் ஏறியவள் நான்.
யாரும் இருக்கச் சொல்லவில்லை.
போகட்டுமா என்று நான் கேட்கவும் இல்லை.
நாங்கள் பள்ளிக்கூடம் போன காலத்தில்
ஏன் என்பது
துவக்கு வைத்திருப்பவர்கள் கேட்கிற சொல்.

பாயின் கதை எனக்கும் அரைகுறைதான்.
பட்டிருப்புப் பாலத்தைப் பின்னேரம் மூடிய நாட்களில்
படுவான்கரைக்குத் திரும்ப முடியாத நாலு பேர்
கோப்புக் கட்டுகளைத் தலைக்கு வைத்துப் படுத்தார்களாம்.
நாலில் ஒருவர்தான் இன்று சம்பளப் பட்டியலில்.
மற்ற மூவரைப் பற்றி அவர் சொன்னதில்லை,
நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை லதுசிகா
அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.
"ஆர்ட பாய் சேர் அது?"
நான் குனிந்து திகதி முத்திரையைத் துடைத்தேன்,
சுத்தமாக இருந்த முத்திரையை.
வெகுநேரம் கழித்து அவர் ஒரு பெயர் சொன்னார்.
பெயர் மட்டும்.

வெள்ளி காலை அலுமாரியில் வெள்ளை அட்டை:
பாய் 1. இடம்: இங்கே.
அதற்கும் சண்டை வந்தது.
வவுச்சர் இல்லாத பொருளுக்கு
எந்தச் சட்டத்தில் அட்டை போடுவது என்றார்.
"பூச்சி அரிக்குது சேர், வெயிலிலயாவது போடுவம்" என்றாள்.
அவர் கத்தினார், அவளும் குரலைத் தாழ்த்தவில்லை.
காணி அனுமதிப் பத்திரத்துக்கு வந்த சனம்
வரிசையை விட்டு எட்டிப் பார்த்தது.
பதினொரு மணிக்குப் பாய் மதிலில் கிடந்தது.
நடுவில் ஒரு கறை. மை போலவும் இருந்தது.

மாவட்டச் செயலகத்திலிருந்து வந்தவர்கள்
இரண்டு புள்ளி குறைத்தார்கள்.
அகற்றாததற்கான காரணம்:
முன்னால் ஒரு சின்னக் கட்டம், இரண்டு வரிக்கு இடம்.
எழுதத் தொடங்கினேன்.
மணிக்கூடு நாலேகால் காட்டியது.
பேனையை மூடிப் பையை எடுத்தேன்.
பூபாலபிள்ளை கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"என்ன மிஸ், சுகமில்லையா?"