ஐம்பது தெத்ரி

குத்தாயிசி பேருந்து நிலையத்தில்
கழிப்பறை வாசலில் மேசை போட்டு
ஆளுக்கு ஐம்பது தெத்ரி வாங்குகிறவள் நான்.
முகம் பார்ப்பதில்லை. கை பார்ப்பேன்.
பதினோரு வருடமாகக் கைகள்தான் வருகின்றன.
பெட்ரோல் கை, மாவுக் கை,
இரண்டிலும் பிள்ளைகளைப் பிடித்திருப்பதால்
சில்லறையைப் பல்லில் கவ்விக்கொண்டு
வருகிற ஒரு தாய்.

ஞாயிற்றுக்கிழமை
நாற்காலியை த்ஸியூரியிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போவேன்.
அங்கே முகங்கள்.
மாதா, நிக்கோலாஸ், குதிரைமேல் கியோர்கி.
முத்தி முத்திக் குதிரைக்குக் குளம்பே இல்லை இப்போது.
தியாக்கோன் யோசெப் தூபக்கலசத்தோடு வருவார்.
ஒவ்வொரு ஐகானுக்கும் ஒரு வீச்சு, ஒரு குனிவு,
சங்கிலியில் கிணிகிணியென்று சின்ன மணிகள்.
சுவர் முடிந்ததும் எங்கள் பக்கம் திரும்பி
எங்களுக்கும் வீசுவார்.
நாற்பது வருடமாகப் பார்க்கிறேன்.
கொசுவுக்குப் புகை போடுவதுபோல
எங்கள் பாவத்துக்குப் போடுகிறார்
என்றுதான் நினைத்திருந்தேன்.

தபசுகாலத்தில் ஒரு ஞாயிறு
என் பக்கத்தில் வந்து நின்றாள் நஸிப்ரோலா.
மேல்வீட்டுக்காரி.
அவளுடைய சலவை இயந்திரம்
மூன்று குளிர்காலமாக என் கட்டில்மேல் ஒழுகுகிறது.
கூரையில் பெரிய கறை.
படுத்துக்கொண்டு உற்றுப் பார்த்திருக்கிறேன்,
எந்தப் புனிதரின் சாயலும் இல்லை.
பூட்ஸ் மாதிரி இருக்கிறது.
கேட்டால், "சோவியத் காலத்துக் குழாய்" என்பாள்.
சோவியத்தே போய்விட்டது,
குழாய் மட்டும் இவளுக்காகக் காத்திருக்கிறதாம்.

யோசெப்புக்கு இடுப்பு வலி.
இடக்கையால் தூணைப் பிடித்துக்கொண்டு
மாதாவுக்குக் குனிந்த அதே அளவு,
ஒரு விரற்கடை குறையாமல்
நஸிப்ரோலாவுக்குக் குனிந்தார்.
ஏதாவது தள்ளுபடி இருக்கும் என்று பார்த்தேன்.
இல்லை.
ஈரக் கோட்டும், பையிலிருந்து நீட்டிய வெங்காயத்தாளுமாக
அவளும் பதிலுக்குக் குனிந்தாள்.

பிறகு எனக்கு.
யாருக்கோ என்று நான் திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் சுவர்.
ஐகான்கூட இல்லை,
சிவப்பாய் ஒரு தீயணைப்புக் கருவி.
பிளீச்சிங் வாடை போகாத என் கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

அன்றே மன்னித்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான்.
இரவு தலையணை நனைந்திருந்தது,
கண்ணீரால் இல்லை.

திங்கட்கிழமை முகம் பார்க்க முயன்றேன்.
முதல் முகம், "என்ன முறைக்கிறாய்?" என்றது.
இரண்டாவது காசில்லாமல் ஓடியது.
மூன்றாவது சுக்தீதி வண்டி ஓட்டுநர்,
முந்தைய இரவின் மதுவையெல்லாம்
நான் கழுவிய தரையில் கொட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.
மாப்பைப் பிழிந்துகொண்டே யோசித்தேன்,
அவர் இப்படி வாந்தி எடுத்திருப்பாரா?
உடம்பு எடுத்தவர்தானே,
பிள்ளையில் எடுத்திருப்பார்,
யாரோ ஒருத்தி துடைத்திருப்பாள்.
ஓட்டுநரின் வாயைத் துடைத்தேன்.
கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தேன்.

வியாழக்கிழமை ஒரு கை வந்தது.
மெலிந்துபோன விரலில் மோதிரம் நழுவாமல்
நூல் சுற்றியிருந்தது.
நிமிர்ந்தால் நஸிப்ரோலா.
ருஸ்தவி வண்டிக்கு நிற்கிறாள்.
தோளில் பார்சல்,
பார்சல்மேல் மகனுடைய பெயர்,
பெயருக்குக் கீழே
எந்த வீட்டுக்கும் இருக்க முடியாத நீளத்தில்
ஓர் எண்.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.
ஐம்பது தெத்ரியை வாங்கிக்கொண்டேன்.
வாங்காமலிருந்தால்
அவள் இன்னும் கூனிப்போயிருப்பாள்.
காகிதத்தை மட்டும்
வழக்கத்தைவிட நீளமாகக் கிழித்து
இரண்டு கையாலும் கொடுத்தேன்.
"பார்சலை இங்கே வை" என்றேன்,
"தரை ஈரம்."
அவள் வரும்வரை
மடியில் வைத்திருந்தேன்.
ரொட்டி வாசனை அடித்தது.

நேற்றிரவும் ஒழுகியது.
துடைப்பக்கட்டையால் கூரையை
மூன்று இடி இடித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
மேலேயிருந்து அவளும்
மூன்று இடி இடித்தாள்.