செட்டில்டு

மேட்டூரில் எத்தனை அடி என்று
பல் துலக்கும் முன்பே பார்த்துவிடுகிற வீடு எங்களுடையது.
அப்பா சத்தமாகப் படிப்பார்:
"தொண்ணூத்தி நாலு. நேத்தைக்கு மேல அரை அடி."
கோட்டூருக்குத் தெற்கே, கடைமடையில்,
யாரோ திறக்க வேண்டிய தண்ணீருக்கு
எண் பார்த்தே காத்துப் பழகியவர்கள்.

நானும் ஓர் எண் பார்த்தேன்,
மாதத்துக்கு ஒருமுறை, கொல்லைப்பக்கம் நின்று,
போனின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு.
ஐநூற்று எழுபத்தொன்று.

இருபத்திரண்டு வயதில், பெருங்குடியில்,
கேன்டீன் வாசலில் டை கட்டிய பையன்
கார்டு வாங்கினால் பை இலவசம் என்றான்.
பைக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்றால்
நம்ப மாட்டீர்கள்.
என்ன வாங்கினாய் என்று கேட்டால்
சொல்லிக்கொள்ள நல்ல காரணம் ஒன்றும் கிடையாது.
ஆஸ்பத்திரிச் செலவில்லை, தம்பி படிப்பில்லை.
ஒரு போன். ஊட்டியில் மூன்று நாள்.
அறைத்தோழி பர்வீன் பிறந்தநாளுக்குக் கேக்,
அதுவும் இரண்டு கிலோ.
குறைந்தபட்சத் தொகை கட்டினால் போதும் என்றது பில்.
போதும் என்ற சொல்லை அவ்வளவு நம்பினேன்.

முப்பத்தெட்டாயிரம் அறுபத்தொன்றாயிரம் ஆனது.
நான் எடுக்காத அழைப்பு ஒருநாள் அப்பாவுக்குப் போயிற்று.
நாற்றங்காலில் நின்றபடி
என் பெயரை முழுதாகக் கேட்டுவிட்டு
"ராங் நம்பர்" என்று வைத்தார்.
இதை எனக்குச் சொன்னது அவரில்லை,
வரப்பில் நின்ற அம்மா.

பிறகு ஒரு குரல் இனிமையாக வந்தது:
முப்பதைக் கட்டுங்கள், மீதியை விட்டுவிடுகிறோம்.
கட்டினேன்.
அன்று ராத்திரி நிம்மதியாகப் பரோட்டா தின்றேன்.

மூன்று வருஷம் கழித்து மன்னார்குடியில்
ஸ்கூட்டிக் கடனுக்குப் போனபோது
மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார்.
என் பெயருக்கு நேரே: செட்டில்டு.
நல்லதுதானே சார் என்றேன்.
"இல்லம்மா, குளோஸ்டுன்னு இருந்தாத்தான் நல்லது."

அதே வாரம் பெரியத்தை வந்து
"ஒன்ன செட்டில் பண்ணிட்டா ஒங்கப்பன் தூங்குவான்" என்றாள்.
ஒரே சொல்தான்.
அத்தை வாயில் அதற்கு மஞ்சள் வாசனை.
அப்பாவின் பயிர்க்கடன் தள்ளுபடியானபோது
சொசைட்டி வாசலில் வெடி போட்டார்கள்.
என்னுடைய தள்ளுபடி
என் மேலேயே ஒட்டிக்கொண்டது.

அப்புறம் நடந்ததில் கதை ஒன்றுமில்லை.
லேபில் சம்பளம் பதினாலாயிரம்.
பதினைந்தாயிரம் சேர்த்து டெபாசிட் போட்டு
அதன் மேல் ஒரு சின்னக் கார்டு.
மாதம் ஒரு ரீசார்ஜ், அவ்வளவுதான் தேய்ப்பது.
தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே கட்டுவது.
விட்டுவிட்ட மீதியைக் கட்டுகிறேன் என்று
நானே தேடிப் போய்க் கேட்டபோது
"எதுக்கு மேடம்?" என்றது கஸ்டமர் கேர்.
அறுநூற்றுப் பத்து. அறுநூற்று நாற்பது.
ஒரு மாதம் காரணமேயில்லாமல் நாலு குறைந்தது. அழுதேன்.

பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று முடிவான பின்
தியாகேசனோடு பத்திரிகை புரூஃப் பார்க்கக்
கும்பகோணம் போகையில்
நீடாமங்கலம் கேட் போட்டிருந்தது.
நெல் ஏற்றிய கூட்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, நின்றது.
பைக்கை அணைத்தான்.
சொல்லிவிட்டேன். கேக்கைக்கூட.
வீட்டுக் கடன் பற்றி அவன் பேசிக்கொண்டிருந்ததால்
போனையும் கொடுத்தேன்.
வெயிலுக்குக் கையால் மறைத்துப் படித்தான்,
ஒரு முழு கூட்ஸ் நீளத்துக்கு.
"எழுநூத்தி ரெண்டு. நெரம்ப எத்தன?"
தொள்ளாயிரம். யாருக்கும் நிரம்பாது.
"எத்தனையில மதகு தெறப்பாங்க?"
சிரிக்கிறானா தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.
கேட் திறந்த பிறகும் வண்டியைக் கிளப்பாமல்
"எனக்கு எவ்வளவுன்னு நான் பாத்ததே இல்ல" என்றான்.
பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன.

நிலுவை இல்லை என்ற கடிதம்
ஒரு காலையில் தபாலில் வந்தது.
அப்பாதான் பிரித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை.
உர ரசீதும் சிட்டாவும் அம்மா போட்டு வைக்கிற
ஜிப் போன அந்த இலவசப் பையில்
தள்ளுபடிக் காகிதத்துக்கு அடுத்து மடித்து வைத்தார்.
பிறகு பேப்பரை எடுத்தார்.
"நூத்தி ரெண்டு" என்றார்.
"வந்துடும்."