சோக்குக் கம்பியின் சூடு

மைனஸ் முப்பத்தெட்டு.
முர்காபில் இன்னும் விடியவில்லை.
இரவெல்லாம் அடுப்போரம் கம்பளிக்குள் தூங்கிய பேட்டரியை
இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருகிறேன்.
எனக்குக்கூட அப்படியொரு தூக்கம் வாய்க்கவில்லை.

ரொட்டி என்றுதான் இங்கே அந்த வண்டிக்குப் பெயர்.
சோவியத் காலத்தது, நாலு சக்கரமும் இழுக்கும்,
அச்சில் வெந்து இறங்கிய ரொட்டியின் அதே உருவம்.
என்ஜின் வெளியே இல்லை. உள்ளே,
எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே
மூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்,
டிக்கெட் வாங்காத பயணி.

ஊதுவிளக்கை எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் வைத்து
அரை மணி நேரம்.
உறங்கும் கரடியை எழுப்புகிற மாதிரி,
தள்ளி நின்று, மெதுவாக.

அலிச்சூருக்கு மூன்று பேர் ஏறியாயிற்று.
சாவியைத் திருப்பினேன்.
டொக்.
இன்னொரு தரம்.
டொக்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும்
வண்டிக்குள் மெக்கானிக்குகள் பிறந்தார்கள்.
பெட்ரோல்தான், என்றார் ஆசில்கான் வாத்தியார்,
கன்டெய்னர் கடை நூரு தண்ணீர் கலக்கிறான்,
வாளியைச் சாய்க்கும் கையைப் பார்த்தாலே தெரியும்.
பேட்டரி செத்துவிட்டது, என்றான் எர்கேஷ்,
படுத்துவிட்ட யாக்கைக் காலால் தொட்டுப் பார்க்கிறவனின் குரலில்.
சைராகூல் ஒன்றும் சொல்லவில்லை.
மடியிலிருந்த மாவு மூட்டையைக் கீழே இறக்கி வைத்தாள்.
அதுவும் ஒரு தீர்ப்பு.

பேட்டரி இல்லை.
ஹெட்லைட்டைப் போட்டேன், எதிர்ச்சுவரின் பனி மஞ்சளாகியது.
விளக்கு எரிய எரியச் சாவியைத் திருப்பினேன்.
செத்த பேட்டரியானால் விளக்கு மயங்கி விழும்.
இது ஒருமுறை இமைத்ததோடு சரி.
பெட்ரோலும் இல்லை; என்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால்தானே
பெட்ரோல் நல்லதா கெட்டதா என்ற பேச்சே வரும்.
முனைகளைச் சுரண்டினேன்.
செல்ஃபின் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு.
டொக்.

சோக்கை இழுக்கக் கையுறையைக் கழற்றினேன்.
இந்த ஊரில் வெறுங்கையால் இரும்பைத் தொட்டால்
தோல் அங்கேயே தங்கிவிடும்.
சோக்குக் கம்பி சூடாக இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன்,
முதலில் எனக்குக் கோளாறு நினைவே வரவில்லை.
காலையிலிருந்து தொட்டதில் சூடான பொருள் அது ஒன்றுதான்.
விரல்களை ஒவ்வொன்றாக அதில் காய்ச்சிக்கொண்டேன்.
பிறகுதான்:
அதற்கு ஏன் காய்ச்சல்?

போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்.
அதற்கென்று என்ஜினிலிருந்து சேசிஸுக்கு
விரலகலத்தில் ஒரு செம்புப் பின்னல் உண்டு, எர்த்துப் பட்டை.
அது விட்டுப்போனால்
கிடைத்த சந்தில் நுழைந்து வீடு வரப் பார்க்கும்.
ஒரு செல்ஃபின் மொத்தப் பசியும்
இந்தச் சோக்குக் கம்பி வழியே
பிதுங்கிக்கொண்டிருந்தது.

அக்டோபரில் கியர்பாக்ஸை இறக்கியது நான்.
தனியாகவே ஏற்றியதும் நான்.
முடித்தபின் ஒரு போல்ட் மிஞ்சியது.
வண்டி இளைத்துவிட்டது என்று சிரித்து
தேயிலை டப்பாவில், சட்டைப் பொத்தான்களோடு போட்டேன்.
இவ்வளவு நாள் பட்டை சும்மா ஒட்டிக்கொண்டு தொங்கியிருக்கிறது,
நேற்றைய குலுக்கல் வரை.

கீழே படுத்தேன்.
பிற வண்டிகளுக்கு உயிர் கொடுக்க வைத்திருந்த கறுப்புக் கேபிள்:
ஒரு கவ்வு என்ஜினில், ஒரு கவ்வு சேசிஸில்.
முதுகுக்கடியில் பனிக்கட்டி நொறுங்கியது.
யாரும் குனிந்து பார்க்கவில்லை,
நூருவைத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

சாவி.
ரொட்டி இருமியது, காறியது,
கறுப்பாய் ஒரு மூச்சு விட்டுப் பிடித்துக்கொண்டது.

என்னதான் கோளாறு? என்றார் வாத்தியார்.
பெட்ரோல்தான், என்றேன்.

நைசாத்தாஷ் கணவாய் வரை
கலப்படம் பற்றி அவர் பாடம் நடத்திக்கொண்டு வந்தார்.
சைராகூல் மாவு மூட்டையை மறுபடி மடியில் ஏற்றிக்கொண்டாள்.
திரும்பியதும் நூருவிடம் இருபது லிட்டர் வாங்க வேண்டும்,
இந்த முறை கடன் சொல்லாமல்.

யாரும் பார்க்காதபோது கையுறையைக் கழற்றி
சோக்குக் கம்பியைத் தொட்டேன்.
ஜில்லென்று சுட்டது.
நிம்மதியாக இருந்தது.